ஆடிக்கூழும் அயனமும்

ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சுகிறோம். தைப்பிறப்பன்று பொங்குகிறோம். "ஏன் இந்த இரண்டு நாளும்?" என்று பிள்ளைகள் கேட்டால், "அது எங்கள் வழக்கம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். டிரெஸ்டனில் வாழும் எங்கள் வீட்டிலும் நெடுநாள் இதுவே பதிலாக இருந்தது.

நமது பஞ்சாங்கப்படி தை முதல் ஆனி வரை உத்தராயணம். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயனம். சூரியன் வடக்கே செல்லும் ஆறு மாதம், தெற்கே செல்லும் ஆறு மாதம். ஆகவே கூழும் பொங்கலும் ஆண்டின் இரு வாசல்களில் வைக்கும் படையல்கள். சூரியன் உண்மையில் திரும்புவது ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய நாட்களை ஒட்டித்தான். பஞ்சாங்கம் நட்சத்திரங்களைக் கொண்டு கணிப்பதால், காலப்போக்கில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துள்ளது.

யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அங்கே அயனம் பஞ்சாங்கத்தில் வாசித்து அறிவது. இங்கோ ஜூனில் பகல் சுமார் 16½ மணி நேரம். டிசம்பரில் சுமார் 8 மணி நேரம். தைப்பொங்கலன்று ஊரில் ஆறரைக்கு உதிக்கும் சூரியன், இங்கே எட்டு மணியளவில் தென்கிழக்கில் எழுகிறது. அம்மம்மா சொன்னதை நம் பிள்ளைகள் ஜன்னலில் கண்ணால் காணலாம்.

இந்நகரத்தாருக்கும் பருவப் பலகாரம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்பில் வெண்ணெய் விலக்கு. 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ட் கடிதம் மூலம் அனுமதி தந்த பிறகே ஸ்டொலனில் வெண்ணெய் சேர்ந்தது. 1434இல் தொடங்கிய ஸ்ட்ரீட்சல்மார்க்ட் சந்தையில் இன்றும் அதை விற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். கூழின் கதை தெரியாது. குறை யாருடையது?

தமிழ்நாட்டில் ஆடியில் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் இனிப்பு. வறுத்த பயற்றை அவித்து, தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் சேர்த்து, அரிசிமாவைக் கரைத்து விட்டு, மாவுருண்டைகள் வெந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். பனங்கட்டி, கோடையில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி எடுத்தது. பிலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்திக் குடிப்போம்.

அம்மம்மாவிடம் தொலைபேசியில் அளவு கேட்டபோது, "மா ஒரு சுண்டு, பயறு ஒரு கை, மிச்சம் கண்பார்வை" என்றார். எழுதிக்கொள்ளவில்லை, அடுத்த முறை கேட்கலாம் என்றிருந்தோம். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை. அந்த வருடம் எங்கள் கூழ் களியாகிவிட்டது. பிள்ளைகள் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டார்கள். நாங்கள் பேசாமல் இருந்தோம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அளவை மட்டுமல்ல, காரணத்தையும் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு: ஆடிப்பிறப்பிலிருந்து தைப்பொங்கல் வரை, மாதம் ஒருநாள் சூரியன் உதிக்கும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வாருங்கள். பொங்கலன்று அந்தத் தாளைப் பானைக்கு அருகில் வைத்து, கண்டதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.