பி.என். வாங்கியாச்சா?

தாத்தா கேங்மேன், அப்பா பாயிண்ட்ஸ்மேன், நான் ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று தலைமுறையாக ரயில்வேச் சோறு. இதைப் படிக்கும் நீங்களும் ரயில்வே காலனியில் பிறந்து, வண்டிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். இப்போது டிரெயினிங் முடித்து ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் கற்ற ரயில்வேயை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ரூல் புத்தகம் அலமாரியில் இருக்கும். குறுக்கு வழிகள் மட்டும் சாப்பாட்டுப் பேச்சில் காதில் விழுந்து, கேட்காமலேயே மனப்பாடமாகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கத்துக்கு ஒரு வருட இன்கிரிமென்ட்டை விலையாகக் கொடுத்தவன் நான். அந்தக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை, சார்ஜ் ஷீட்டில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் என்ன, அது ஏன் இவ்வளவு எளிதாகத் தொற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேட் மூடுமுன் பிரைவேட் நம்பர் (பி.என்.) வாங்குவதுதான் அந்தப் பழக்கம். இண்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் பூட்டாமல் சிக்னல் இறங்காது. இண்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் அந்தப் பூட்டின் வேலையை ஒரு எண் செய்கிறது. வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்ல வேண்டும். கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு நம்பர் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பார்த்திருப்பீர்கள். வரிசையே இல்லாமல் இரண்டு இலக்க எண்கள். சொன்ன எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் வண்டி எண்ணை எழுத வேண்டும். எண்களை ஏன் தாறுமாறாக அச்சிட்டிருக்கிறார்கள்? அடுத்த எண் என்னவென்று இந்தப் பக்கம் இருப்பவனால் ஊகிக்க முடியக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு ஆள் தாளைக் கையில் எடுத்து, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லியிருக்கிறான் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தாளைப் பார்த்தான் என்பதற்குத்தான் சாட்சியே தவிர, கேட் பூட்டியிருக்கிறது என்பதற்கு அந்த எண்ணில் ஒரு சாட்சியும் இல்லை. அதற்கு கேட் கீப்பரின் பழக்கமும், கேட்கிறவனின் பழக்கமும்தான் பொறுப்பு. “சார், பி.என். முப்பத்தேழு” என்று அவர் முந்திக்கொண்டு சொல்வதும், நாம் மகிழ்ச்சியாக எழுதிக்கொள்வதும் ஆயிரம் தடவை ஒன்றும் ஆகாமல் நடக்கும். ஒன்றும் ஆகாத அந்த ஆயிரத்தைத்தான் வீட்டுப் பெரியவர்கள் அனுபவம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸில் அபெர்மியூல் என்ற சின்ன ஸ்டேஷனில் நடந்ததைப் பாருங்கள். ஒற்றைப் பாதை, அந்தந்தப் பகுதிக்குரிய டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. டோக்கன் என்றால் ஒரு உலோக வில்லை, அதில் இரண்டு ஊர்களின் பெயர் பொறித்திருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது அதே பகுதிக்கு இன்னொன்றை எடுக்கவிடாத மின்கருவியும் இருந்தது. அன்று நின்ற வண்டியின் டிரைவர் கொடுத்த பழைய டோக்கனை ஒரு இளம் ஊழியர் வாங்கி, லீவில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பதிலாக வந்தவரிடம் கொடுத்தார். அவர் அதை அடுத்த பகுதிக்கான புது டோக்கன் என்று எண்ணி அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார். டிரைவர் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மூன்று கைகள் மாறின, வில்லையில் இருந்த ஊர்ப் பெயரை ஒருவரும் படிக்கவில்லை. எதிரே வந்த எக்ஸ்பிரஸ்ஸோடு நேருக்கு நேர் மோதி 17 பேர் இறந்தார்கள். அவர்களில் அந்த ரயில்வே கம்பெனியின் இயக்குநர் ஒருவரும் இருந்தார். கருவியில் கோளாறு ஒன்றுமில்லை.  கொஞ்சம் பயம் இருந்திருந்தால் ஒருவனாவது வில்லையைத் திருப்பிப் பார்த்திருப்பான். நம் மீட்டர்கேஜ் காலத்துப் பிரம்பு வளையத்தில் தொங்கிய டோக்கன் பந்தும் இதே சோதனைதான்: பையைத் திறந்து பந்தைப் பார்த்தாயா, இல்லை வளையம் கைக்கு வந்ததுமே கிளம்பிவிட்டாயா?

‘அப்படியானால் ரயில்வேக் குடும்பம் என்பதற்கு மதிப்பே இல்லையா?’ என்று சண்டைக்கு வருவார்கள். என்னிடமும் வந்திருக்கிறார்கள். 2004இல் கேங்மேன், டிரைவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. பாதுகாப்பு சார்ந்த வேலையில் இருப்பவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை. 2010இல் அது மற்ற பாதுகாப்புப் பிரிவுகளுக்கும் விரிந்தது. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2016இல் அது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 2018இல் ரயில்வே அதைக் கைவிட்டது. வாரிசுக்கு வேலை தெரியும் என்பது அந்தத் திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதங்களில் ஒன்று. வேலை தெரியும், மறுக்கவில்லை. எந்தக் கல் தளர்ந்திருக்கிறது என்று நடந்தே கண்டுபிடிக்கும் காதும் காலும் கேங்மேன் பிள்ளைக்கு உண்டு. ஆனால் பாதுகாப்பு விதி கேட்பது வேலை தெரிவதை அல்ல, தெரிந்ததை ஒவ்வொரு முறையும் சந்தேகிப்பதை. (நான் தேர்வு எழுதித்தான் வந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அப்பன் வேலை என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் படிக்கட்டும்.)

இண்டர்லாக்கிங் எல்லா இடத்திலும் வந்துவிட்டால் இந்தக் கவலை தீரும் என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. 2019 ஜனவரிக்குள் பிராட்கேஜில் ஆளில்லாத கேட்டுகள் ஒழிந்தன. அதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில் மோதிய பள்ளி வேன் கடந்தது ஆள் உள்ள, இண்டர்லாக்கிங் இல்லாத கேட். 3 மாணவர்கள் போனார்கள். அப்படிப்பட்ட கேட்டை இண்டர்லாக் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செய்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் விபத்து: கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை, பாயிண்ட்டோ லூப் லைனுக்கு. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறு என்றது பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. அதற்கு நான்கு மாதம் முன்பு, பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோட்டில் ஏறக்குறைய இதே கோளாறு. அங்கே டிரைவர் தன் கண்ணால் பாயிண்ட் தவறான பக்கம் இருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். பச்சை எரிந்தால் போகலாம் என்று நம்பியிருந்தால் அங்கேயும் பிணங்களை எண்ணியிருப்பார்கள்.

மற்ற விதிகளெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. லைன் கிளியர், பாயிண்ட் கிளாம்ப், பூட்டு, சாவி, டியூட்டி மாற்றும்போது கையெழுத்து. அவற்றுக்கு டிரெயினிங் ஸ்கூல் போதும். பி.என். விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். “கேட் மூடியாச்சா?” என்று ஒரு தடவை, “பூட்டியாச்சா?” என்று தனியாக இன்னொரு தடவை கேளுங்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே “ஆமா சார்” வந்தால் ஏற்காதீர்கள். போனை எடுத்தவுடன் நம்பர் வந்தால் வாங்காதீர்கள். எடுத்த நொடியில் கேட் பூட்டியிருக்க முடியாது. பின்னணியில் ஹாரன் சத்தமும், “திறய்யா!” என்று பைக்கில் நிற்பவர் கத்துவதும் கேட்டால், அந்தக் கேட் கீப்பர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் அவர் தனியாக நிற்கிறார் என்று அர்த்தம். அவரை அவசரப்படுத்தாதீர்கள். நம்பர் வரவில்லையென்றால் டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுங்கள், விதி அதற்கு வழி வைத்திருக்கிறது. வண்டி நாலு நிமிஷம் தாமதமாகும். கண்ட்ரோலில் இருந்து போன் வரும். நாலு நிமிஷத் தாமதத்துக்கு விளக்கம் கேட்கிறவர்கள், நாலு நிமிஷத்தை மிச்சப்படுத்தியது எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் போன்றவர்கள் பலர் முன்பே மாட்டியிருப்போம். அதற்காக அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ரிஜிஸ்டரில் ரிமார்க்ஸ் பத்தியில், கேட் மூடத் தாமதம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். என் ஃபைலில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.