மார்க் எப்படி மாறுகிறது? மதிப்பெண் சமன்செய்தல்: முழுமையான வழிகாட்டி

செய்யூரிலிருந்து மதுராந்தகம் போய் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம், ரிசல்ட் அன்று வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு மார்க்?" இப்போது பல ரிசல்ட்டுகளில் மார்க்கே இருக்காது, கிரேடுதான் இருக்கும். ஒரு பாடத்தில் 70 எடுத்தவருக்கு ஒரு கிரேடு, இன்னொரு பாடத்தில் அதே 70 எடுத்தவருக்கு வேறு கிரேடு. பேப்பர் திருத்திய பிறகு அந்த எண்ணுக்கு என்னதான் நடக்கிறது? பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: திருத்தியவர் போட்ட மார்க்

எட்டுப் பேர் எழுதிய ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். மார்க்குகள்: 20, 40, 40, 40, 50, 50, 70, 90. கூட்டினால் 400, சராசரி 50.

கேள்வியில் பிழை இருந்தால் எல்லோருக்கும் 5 மார்க் கூட்டிவிடுவார்கள். அதில் யாருடைய இடமும் மாறாது. பாஸ் மார்க்குக்குச் சற்றுக் கீழே நின்றவர் பாஸாகிவிடுவார், அவ்வளவுதான்.

படி 2: முதல் மார்க்கை 100 ஆக்குவது

இது நம் ஊர் பொறியியல் கலந்தாய்வுக்குப் பழகிய முறை. நுழைவுத்தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், வெவ்வேறு போர்டு மாணவர்களை ஒப்பிட இதைத்தான் சொன்னது. மாநில போர்டில் இயற்பியலின் முதல் மார்க் 100, இன்னொரு போர்டில் 90 என்றால் இரண்டும் சமம். அந்தப் போர்டில் 60 எடுத்தவருக்கு 66.66 ஆகிவிடும்.

சுலபமான கணக்கு. ஆனால் நம் எட்டுப் பேரிடம் போட்டுப் பாருங்கள். 90-ஐ 100 ஆக்கினால் 40 எடுத்தவருக்கு 44.4. அந்த 90 மார்க்காரர் காய்ச்சலில் படுத்துத் தேர்வுக்கே வரவில்லை என்று வையுங்கள். இப்போது முதல் மார்க் 70, அதே 40 மார்க்காரருக்கு 57.1! இவர் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதவில்லை. ஒரே ஒருவரின் மார்க்கில் எல்லோருடைய கணக்கும் தொங்குவதுதான் இதன் பலவீனம். லட்சக்கணக்கானோர் எழுதும் போர்டு தேர்வில் இந்த ஆட்டம் குறைவு. ஒரு வகுப்பறைக்குள் இதைக் கொண்டுவரக் கூடாது என்பேன்.

படி 3: சராசரியும் திட்ட விலக்கமும்

ஒவ்வொரு மார்க்கிலிருந்தும் 50-ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 3200. எட்டால் வகுத்தால் 400, அதன் வர்க்கமூலம் 20. இதுதான் திட்ட விலக்கம்.

இனி, சராசரியைவிட எத்தனை விலக்கம் மேலே அல்லது கீழே என்று பாருங்கள். 70-க்கு +1, 90-க்கு +2, 40-க்கு -0.5. இதுதான் இசட் மதிப்பு. இன்னொரு பாடத்தில் சராசரி 65, விலக்கம் 10 என்றால் அங்கே 70-க்கு வெறும் +0.5. தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு விடை இதுவே.

இதை மறுபடி மார்க்காக்கலாம். சராசரி 60, விலக்கம் 10 என்று வைத்தால் 40 எடுத்தவருக்கு 55, 90 எடுத்தவருக்கு 80. ஆமாம், முதல் மாணவருக்கு 10 மார்க் குறைகிறது! வரிசை மாறவில்லை, இடைவெளிதான் சுருங்கியது. அவருடைய அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது வேறு கதை.

படி 4: யாரோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள்?

சூத்திரத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் வந்த 'தரப்படுத்தல்' மொழிவாரியாக அமைந்ததால், தமிழ்வழி மாணவர்கள் மருத்துவம், பொறியியலுக்குக் கூடுதல் மார்க் எடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அங்கே இசட் மதிப்பு வந்தது. 2011 உயர்தரத் தேர்வைப் பழைய பாடத்திட்டத்தினர், புதிய பாடத்திட்டத்தினர் என இரு தரப்பும் எழுத, இருவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தனித்தனியே கணக்கிடச் சொன்னது. சூத்திரத்தில் தவறில்லை, கூட்டம்தான் தவறு.

படி 5: கிரேடு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, ஒரு பாடத்தில் 30 பேருக்கு மேல் இருந்தால் ஒப்பீட்டு கிரேடு. பாஸானவர்களின் மார்க்கை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள், அதனால் இது அரியரைக் காப்பாற்றாது. ஒரு பக்கம் சாய்ந்து குவிந்த மார்க்குகளை 'பாக்ஸ்-காக்ஸ்' என்ற உருமாற்றத்தால் மணி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பாடத்துக்குப் பாடம் தனி எல்லை வகுப்பார்கள்.

30 அல்லது அதற்குக் குறைவென்றால் நிலையான எல்லை: 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ், 71 முதல் ஏ.

படி 6: ரிவால்யூவேஷனுக்கு முன்

முதலில் விடைத்தாள் நகல் வாங்கிக் கூட்டலைச் சரிபாருங்கள். மறுமதிப்பீட்டில் திருத்துவது படி 1-இன் மார்க்கை மட்டும்தான். நிலையான எல்லையில் 79 எடுத்தவருக்கு இரண்டு மார்க் கூடினால் ஏ பிளஸ் நிச்சயம். ஒப்பீட்டு கிரேடில் உங்கள் பாடத்தின் எல்லை எங்கே விழுந்தது என்று தெரியாமல் பணம் கட்டுவது சூதாட்டம்.