தெரிந்தும் குடிப்பது ஏன்?

மது விலக்கப்பட்டது என்பதை அறியாத முஸ்லிம் எவருமில்லை. ஆயினும் நம்மவரிலும் குடிப்பவர் இருக்கத்தான் செய்கிறார்கள். அதை மூடி மறைப்பதால் பயனில்லை. அத்தகையவரைக் கண்டால் நாம் வழக்கமாகச் செய்வது உபதேசம். அவரும் தலைகுனிந்து கேட்கிறார், கண்ணீர் விட்டுச் சத்தியமும் செய்கிறார். சம்பள நாளன்று மறுபடியும் குடிக்கிறார். உடனே 'மானங்கெட்டவன்' என்று முடிவுகட்டி விடுகிறோம். அறியாமல் குடிப்பவனுக்கு அறிவுரை மருந்தாகலாம். தெரிந்தும் குடிப்பவனிடம் கெட்டுப் போயிருப்பது அறிவன்று. அது என்னவென்பதை விஞ்ஞானிகள் ஓரளவு கண்டிருக்கிறார்கள்.

1954-ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக் கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைச் செலுத்தினார்கள். ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சிறிது மின்சாரம் போகும்படி ஏற்பாடு. எலிகள் அந்தக் கோலை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தன! மூளையின் அந்தப் பாதையில் முக்கியமாக வேலை செய்வது டோபமின் என்ற இரசாயனம் என்பது பிற்பாடு தெரிய வந்தது. மூளையில் அது தனக்கென ஒரு வேலை உடையது என்று 1950-களின் பிற்பகுதியில் காட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன், 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

மது இந்த டோபமினைப் பெருகச் செய்கிறது. இதைச் சிலர் 'இன்ப இரசாயனம்' என்று எழுதுவார்கள். அது அவ்வளவு சரியன்று. இன்பத்தைத் தருவதைவிட, 'இதை மறவாதே, மீண்டும் தேடு' என்று மூளைக்குப் பாடம் புகட்டுவதே அதன் பெரிய வேலை. ஆகவேதான் குடித்துப் பழகியவனுக்குப் போத்தலைக் காண வேண்டுமென்பதுகூட இல்லை. பழைய கூட்டாளியின் குரலும், கடை இருக்கும் சந்தும், சம்பள உறையுமே ஆசையைக் கிளப்பிவிடப் போதுமானவை. குடியில் இன்பம் போய்ப் பல வருடங்களான பின்னரும் தேட்டம் மட்டும் நிற்கிறது.

வண்டிக்கு வேகம் மட்டும் போதாது, பிரேக்கும் வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைதான் நமக்குப் பிரேக். அது முதிர்ச்சியடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது. இளவயதில் குடிக்கத் தொடங்குவது அதிகக் கேடு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், மது முதலில் தளர்த்துவது இந்தப் பிரேக்கைத்தான். 'ஒரு கிளாஸ் மட்டும்' என்று உட்காருகிறவனிடம், அந்த ஒரு கிளாஸ் உள்ளே போனபின் 'மட்டும்' என்று சொல்லும் புத்தி குறைந்துவிடுகிறது.

சிலருக்கோ பிறவியிலேயே பிரேக் சற்று இளக்கம். பின்லாந்தில் லின்னொய்லா, விர்க்குனென் முதலியோர் கொடுங்குற்றம் செய்தவர்களை ஆராய்ந்து 1983-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். திட்டமிடாமல் திடீர் ஆத்திரத்தில் குற்றம் புரிந்தவர்களின் முதுகுத்தண்டு நீரில், செரொட்டோனின் என்ற இரசாயனம் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருந்தது. 2010-இல் அதே நாட்டு மக்களிடம், செரொட்டோனினோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றமும் கண்டுபிடிக்கப்பட்டது. அதை உடைய குற்றவாளிகளின் வன்செயல்களில் பெரும்பாலானவை மதுமயக்கத்தில் நடந்தவை. ஆனால் அந்நாட்டில் அந்த மாற்றத்தைச் சுமந்திருப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணமாக வாழ்பவர்களே. பிறவிக் குணம் சாய்வைத்தான் தருகிறது, தலைவிதியை அல்ல. ஆதலால் 'என் இரசாயனம் அப்படி' என்று சாக்குச் சொல்ல இதில் இடமில்லை. அவசர சுபாவம் உடையவனென்று தன்னை அறிந்தவன், மற்றவரைவிட எட்டி நிற்கக் கடமைப்பட்டவன்.

குடும்பத்தார் அவசியம் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மூளையில் அடக்கும் இரசாயனமும் கிளப்பும் இரசாயனமும் தராசுத் தட்டுகள் போல நிற்கின்றன. மது அடக்கும் தட்டை அழுத்துகிறது. நாளடைவில் மூளை கிளப்பும் தட்டில் பாரம் ஏற்றிச் சமன் செய்துகொள்கிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் அந்தப் பாரம் மட்டும் எஞ்சும். கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை வரலாம். உயிரே போவதும் உண்டு. திருத்துகிறோம் என்று அறையில் பூட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்தகையவரை டாக்டரிடம் கொண்டு செல்வதே முறை. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவை நாடலாம்.

மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் என்பது குடியின் இன்பத்தை மட்டுப்படுத்தித் தேட்டத்தைக் குறைக்கிறது. இந்நோய்க்கு அமெரிக்காவில் 1994-இல் அனுமதிக்கப்பட்டது. டைசல்பிராம் அதற்கும் பழையது. அதை உண்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பான். இதைக் கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் பெண்கள் உண்டு. அவர்கள் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் அறியாமல் உண்டு, மேலே நிறையக் குடித்தவனுக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்து நேரலாம். மாத்திரையை அவன் அறிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் உண்ண வேண்டும். காலையில் மனைவியின் கண்முன்னே விழுங்குவதென்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.