பாரிங் கியரும் பவர் பட்டனும்

நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையம், 1962-ல் ரஷ்ய உதவியோடு ஓடத் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. அப்பா அங்கே டர்பைன் பக்கம் இருந்தவர். டர்பைனை நிறுத்தினால் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. பாரிங் கியர் போட்டு மணிக்கணக்கில் மெள்ளச் சுற்றவிட வேண்டும். சூட்டோடு நின்றால் தண்டு வளைந்துவிடும். அப்படிப்பட்டவர் முன்னால் நான் தினமும் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா, அது எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு. என்னன்னு பாக்காம கழுத்தப் புடிக்கிறியே?"

விண்டோஸ் 10. ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடும், ஃபேனும் விளக்கும் மட்டும் ஓயாது. பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தேன், பலனில்லை. பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தேன். சட்டென்று அணைந்தது! அங்கேதான் பிடி கிடைத்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி, விண்டோஸ் 8-லிருந்து உண்டு. மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக, முழுதாக அணையாமல் பாதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். ஷிஃப்ட் விசை அதைத் தாண்டி முழுதாக அணைக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் பகுதியில் அந்த வசதிக்கான டிக்கை எடுத்தேன். டிக் மங்கலாக இருந்தால் மேலே உள்ள நீல எழுத்தைத் தட்டினால்தான் மாற்றவிடும். அது தெரியாமல் எனக்கு அரை மணி நேரம் போனது.

ஒரு வாரம் நிம்மதி. மறுபடி தகராறு. ஆனால் இந்தத் தடவை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரை இருண்டபின் தொங்கினால் பெரும்பாலும் டிரைவர் அல்லது பவர் சங்கதி. வட்டம் சுற்றினால் ஏதோ ஒரு சர்வீஸ் அடம்பிடிக்கிறது. (அப்டேட் நடப்பதாகத் திரையே சொன்னால் தொடவே கூடாது, காபி போடப் போய்விடலாம்.) ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, முந்தின இரவு அணைத்த நேரத்துக்கு நேராகத் தேடினேன். 7043 என்ற எண்ணோடு, குறிப்பிட்ட சர்வீஸ் சரியாக நிற்கவில்லை என்று பெயரோடு எழுதியிருந்தது.

பழைய பிரிண்டரின் மென்பொருள். பிரிண்டரை இரண்டு வருஷத்துக்கு முன்பே காயலான் கடையில் போட்டாயிற்று. மென்பொருளை நீக்கி, ஷட் டவுன் கொடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். விளக்கு அணையும்வரை நின்று பார்த்துவிட்டு, "இப்ப சுவிட்ச ஆஃப் பண்ணு" என்றார்.