யூதவியல் கற்பிக்க வரும் தம்பிக்கு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

யூதர்களின் மறைநூலான தனாக், தோரா எனும் ஐந்நூல், நெவியிம் எனும் இறைவாக்கினர் நூல்கள், கெத்துவிம் எனும் பிற எழுத்துகள் ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டது. அதைக் கற்பிப்பவருக்கு இன்று கிடைத்துள்ள துணைகளுள், 2011இல் தொடங்கப்பட்ட செஃபாரியா என்னும் இலவச மின்னூலகம் குறிப்பிடத்தக்கது. வசனம் ஒன்றைத் தொட்டால் எபிரேய மூலமும், தார்கும் எனப்படும் பழைய அரமேய மொழிபெயர்ப்பும், ராஷி முதலிய இடைக்கால உரையாசிரியர்களின் விளக்கங்களும் அதில் அருகருகே விரிகின்றன.

புதிய கருவியைத் தனதாக்கிக்கொள்ளும் வழியை மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர்களிடம் கற்கலாம். கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த இவர்களின் முன்னோர், மறைநூல் ஏடுகள் கைவசம் இல்லாத காலத்திலும் ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், எனப் பெயர் பெற்றனர். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஜான் வில்சன் 1832இல் மராத்தியில் எபிரேய இலக்கணம் வெளியிட்டபோது, அவரது மதமாற்ற நோக்கத்துக்கு உடன்படாமல் மொழியறிவை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். 1875இல் தமக்கெனப் பள்ளி கண்டனர். 1880இல், கதையும் பாட்டும் கலந்த மராத்திய கீர்த்தன மரபில் மறைநூல் கதைகளைப் பாடத் தொடங்கினர்.

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழ் மாணவருக்குத் தனாக்கிலுள்ள 1 இராஜாக்கள் 10:22 நல்ல நுழைவாயில். மன்னர் சாலமோனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கொண்டுவந்த பொருள்களுள் ‘துக்கியிம்’ ஒன்று. ‘இம்’ எபிரேயப் பன்மை விகுதி. எஞ்சும் ‘துக்கி’யை மொழியறிஞர் கால்டுவெல் தமிழ்த் ‘தோகை’யோடு இணைத்தார். தார்கும் அதை மயில் என்றே பெயர்க்கிறது. கால்டுவெல் கூறும் சொற்பிறப்பை ஏற்காத அறிஞரும் உளர். மூலத்தையும் பெயர்ப்பையும் மாணவரே திரையில் ஒப்பிட்டு, மறுப்பையும் எடைபோட்டு முடிவுக்கு வரும்போது, தகவல் அறிவாகிறது.

ஆகவே ஆசிரியர் முதலில் வசனத்தை வாய்விட்டு வாசிக்கச் செய்து, சொல்லைப் பிரித்துக் காட்டி, மாணவர் தம் ஐயத்தைத் தம் மொழியில் எழுதிய பின்னரே உரைகளைத் திறத்தல் வேண்டும். உரைகள் முந்திக்கொண்டால் கேள்வி பிறவாது. பிறர் வழிபடும் நூல் அது என்ற மதிப்பும் வகுப்பில் என்றும் நிலைக்க வேண்டும். நூலகம் முழுவதும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரு சொல்லின்முன் பொறுமையாக நிற்கப் பழக்குவது மட்டும் இன்னும் ஆசிரியரின் கடமையாகவே இருக்கிறது. அதை விட்டுவிடாதே, தம்பி.

அன்புடன்,
அண்ணன்