கம்ப்யூட்டர் ஏன் மெதுவாகிறது? புதுசு வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா, புதுசு வாங்கிடலாமா?" கூட்டமைப்புக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. வாங்கலாம்தான். ஆனால் அது சிறுகச் சிறுகச் சேர்த்த சந்தா பணம். தீர்மானம் போடுவதற்கு முன், பெட்டிக்குள் எந்தப் பாகம் மெதுவாக இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பல நேரங்களில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினாலே போதும்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் குழுப் பெண்கள் டிபன் கடை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல் முன்னால் நிற்கிற அக்காதான் பிராசசர். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் மாவு, எண்ணெய், சட்னி வைத்திருக்கிற பலகைதான் ராம். மூட்டையும் டின்னும் அடுக்கியிருக்கிற வீட்டு அறை ஹார்டு டிஸ்க். அக்கா எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், பலகை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு கரண்டி மாவுக்கும் யாராவது வீட்டுக்கு ஓட வேண்டும். கூட்டம் நின்றுகொண்டே இருக்கும், கல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். நம் கம்ப்யூட்டர் திணறுவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

பிராசசரின் வேகத்தை கிகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதன் கடிகாரம் ஒரு விநாடிக்கு 240 கோடி முறை துடிக்கிறது. டூயல் கோர் என்றால் இரண்டு தோசைக்கல், குவாட் கோர் என்றால் நான்கு. வரவு செலவு எழுதவும், விண்ணப்பம் பதியவும், பிரிண்ட் எடுக்கவும் இதில் கால்வாசிகூட வேண்டியதில்லை. அதனால் கடைக்காரர் கிகாஹெர்ட்ஸ் கணக்கையே திரும்பத் திரும்பச் சொன்னால், "ராம் எவ்வளவு, டிஸ்க் என்ன வகை?" என்று கேளுங்கள். (சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' என்ற பிராசசர் 2018-இல் சண்டிகரில் சிப்பாகத் தயாரானது. நாம் கடையில் வாங்கும் கம்ப்யூட்டரில் இருப்பது அதுவல்ல என்றாலும், கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.)

ராம் என்பது தற்காலிக இடம். கரண்ட் போனால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். பாதி எழுதிய கணக்கு மறைந்துபோவது இதனால்தான். எழுத எழுத 'சேவ்' கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு யு.பி.எஸ். இருப்பது இன்னும் நல்லது.

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. மகள் படிப்பு முடித்த பிறகு அது பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். இன்றைய வேலைக்கு அது சின்னப் பலகை. பழைய இரும்புக்குப் போடும் முன், கூடுதல் ராம் போட இடமிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ராமிலும் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகை உண்டு. ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது.

இனி டிஸ்க். பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து போய் விவரத்தைத் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சிப்தான். ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படித்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்பி அளவுக்குப் படிக்கும். சிறு சிறு ஃபைல்களைத் தேடுவதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வருகிற நிலைமை பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

எது குறை என்று நாமே பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேலே நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100-இலேயே நின்றால் ஹார்டு டிஸ்க்தான் தடை. சிபியு விடாமல் 100 காட்டினால் முதலில் வைரஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிராசசர் பழசாகிவிட்டது, அப்போது புதுசு வாங்கும் பேச்சில் நியாயம் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஐ5 மேடம், சூப்பரா ஓடும்" என்பார்கள். எந்தத் தலைமுறை ஐ5 என்பதுதான் விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஐ5-க்குப் பின்னால் 4 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் அது 4-ஆம் தலைமுறை. அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், லினக்ஸுக்குக் காசு கிடையாது. ஆனால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

500 ஜிபி டிஸ்க் வாங்கி, திரையில் 465 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது.

நம் கணக்குக்கு எவ்வளவு இடம் தேவை? யூனிகோடில் 'அண்ணாமலை' என்று தட்டினால் 24 பைட். தீர்மான நோட்டில் ஆயிரம் எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் தட்டினால் ஏறக்குறைய 5 கேபி. அதே பக்கத்தை போனில் படம் எடுத்தால் 3 எம்பி வரை போகும், அதாவது அறுநூறு மடங்கு. இடத்தை அடைப்பது போட்டோவும் வீடியோவும்தான். கணக்கு இல்லை.

அப்படிச் சின்னதாக இருப்பதாலேயே கணக்கை இரண்டு மூன்று இடத்தில் வைப்பது சுலபம். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும் முன் சில நேரம் 'கடக் கடக்' என்று சத்தம் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. அந்த அறிகுறிகூட இல்லாமல் ஒரு நாள் காலையில் நின்றுவிடலாம். உள்கடன் பாக்கி யாருக்கு எவ்வளவு என்பது ஒரே பெட்டியில் இருந்தால், அன்றைக்குக் குழுவில் சண்டைதான். மாதக் கூட்டம் முடிந்த அன்றே பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். அந்தப் பென் டிரைவ் கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டில் இருக்கக் கூடாது, பிரதிநிதிகளில் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தாலும் பென் டிரைவில் உள்ளது அழியலாம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஃபைல் திறக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்து, தேதியைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.