குடியிருப்பு வீடும் சொந்த மனையும்

கைலாசபுரத்தில் வீடு என்பது வேலையோடு வருவது, வேலையோடு போவது. 1960களில் எழுந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பு இது. என் தந்தையார் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். ஆகவே, அவருடைய பணிக்கொடையை நம்பித் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் மனை தேடி வருகிறோம்.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இத்தேடலில் நான் கற்ற பாடம் ஒன்று: கட்டண விகிதம் குறைவதனால் செலவு குறைந்துவிடாது. 2012ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்புப்படி 10 லட்சம் ரூபாய் பெறும் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மதிப்பிலேயே பத்திரம் பதிவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. ஆக 80,000 ரூபாய். 2017 ஜூனில் மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 4 விழுக்காடாயிற்று. செலவு 73,700 ரூபாய். 2023 ஏப்ரலில் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. மதிப்போ பழைய நிலைக்கே ஏறியது. செலவு 90,000 ரூபாய்!

எனவே நண்பர்களே, எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேளாதீர்கள். எதன்மீது என்றும் கேளுங்கள். முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றையும் மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் பார்த்துவிடுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பு இரண்டாம் முறை வருவதில்லை.